ஹக் சொன்ன பொய்களும் கேட்ட ஒரு மன்னிப்பும்

ராத்திரி சொன்ன பொய் விடிந்ததும் மறந்துபோனால் என்ன செய்வது? மிஸிசிப்பி ஆற்றில் நீராவிப் படகு வந்து மோத, தெப்பத்திலிருந்து குதித்துச் சொட்டச் சொட்ட நனைந்து கரையேறுகிறான் ஹக்கில்பெரி ஃபின். முன்பின் தெரியாத ஒரு வீட்டில் தன் பெயர் ஜார்ஜ் ஜாக்ஸன் என்று சொல்லித் தங்கிவிடுகிறான். காலையில் கண் விழித்தால் அந்தப் பெயர் நினைவில் இல்லை. ஒரு மணி நேரம் படுத்தபடியே யோசித்துப் பார்க்கிறான், வரவில்லை. அந்த வீட்டுப் பையன் பக் எழுந்ததும், என் பெயரை உன்னால் எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியாது என்று அவனிடம் பந்தயம் கட்டுகிறான். பக் பெருமையோடு தப்பும் தவறுமாக எழுத்துக்கூட்டிச் சொல்கிறான். ஹக் அவனைப் பாராட்டிவிட்டு, நாளைக்கு யாராவது தன்னையே எழுத்துக்கூட்டச் சொன்னால் உதவுமே என்று அந்தத் தப்பான எழுத்துகளை அப்படியே குறித்து வைத்துக்கொள்கிறான்.

இந்த இடத்தை வாசித்தபோது 12 வயதான என் மகள் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மூன்று வாரம் பாட்டு வகுப்புக்குப் போகாமலே இருந்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் அன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று என்னிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் இல்லாத ஒரு பாட்டை முணுமுணுத்தும் காட்டினாள். விஷயம் தெரிந்தபோது எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வருகிற பிள்ளைக்கு, பொய் சொல்லக்கூடாது என்ற ஒரு வரி அறிவுரை எங்கே போய்ச் சேரும்? அதனால்தான் மார்க் ட்வைன் எழுதிய ஹக்கில்பெரி ஃபின்னின் சாகசங்களைக் கையில் எடுத்தேன். 43 அத்தியாயங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் விளக்கைக் குறைத்துவிட்டு நான் வாய்விட்டு வாசிப்பேன், அவள் கேட்பாள். ஒரு மாதத்தை ஒட்டி ஆயிற்று.

இதைச் சாகச நாவல் என்றும் நகைச்சுவை நாவல் என்றும் அறிமுகப்படுத்துவார்கள். இரண்டும் சரிதான். என்னைக் கேட்டால், பொய்யை இத்தனை கோணங்களில் வைத்துப் பார்க்கிற வேறு எந்த நாவலையும் ஒரு சிறுவர் கையில் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. முதல் பக்கமே அதில்தான் ஆரம்பிக்கிறது. இதற்கு முந்தைய கதையான டாம் சாயரை எழுதியவர் பெரும்பாலும் உண்மையைத்தான் எழுதினார், அங்கங்கே கொஞ்சம் நீட்டி முழக்கியிருக்கிறார், பரவாயில்லை, ஒருமுறையாவது பொய் சொல்லாத ஆளை நான் பார்த்ததே இல்லை என்கிறான் ஹக். விதிவிலக்காகப் பாலி அத்தை, டக்ளஸ் அம்மாள், ஒருவேளை மேரி என்று மூன்று பேரை மட்டும் விட்டுவைக்கிறான். இதைச் சொல்ல வைத்தவரின் பெயரே புனைபெயர். உண்மையான பெயர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ். மிஸிசிப்பியில் நீராவிப் படகு ஓட்டும் மாலுமியாக 1859இல் உரிமம் வாங்கியவர். ஆற்றின் ஆழத்தை அளந்து பார்ப்பவர்கள் ‘மார்க் ட்வைன்’ என்று குரல் கொடுத்தால் 12 அடி ஆழம் இருக்கிறது, படகு தட்டாமல் போகலாம் என்று பொருள். என் மகளுக்கு இது மிகவும் பிடித்துப்போய், ஒரு வாரம் குளியலறை வாளியில் ஸ்கேலை விட்டு அளந்து கத்திக்கொண்டிருந்தாள்.

கதை நடக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் வாசிக்க ஆரம்பித்தேன். நீங்களும் அப்படிச் செய்வது நல்லது. புத்தகம் இங்கிலாந்தில் 1884 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1885 பிப்ரவரியிலும் வந்தது. கதையின் காலம் அதற்கு 40, 50 வருஷம் முந்தையது என்று முகப்பிலேயே போட்டிருக்கிறது. கதை தொடங்கும் மிசூரி அப்போது அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புற மாநிலம், அடிமைமுறை சட்டப்படி நடந்த மாநிலம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இல்லினாயில் அடிமைமுறை இல்லைதான், ஆனால் தப்பி ஓடியவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்புவதற்கு 1793ஆம் வருஷத்திலேயே நாடு முழுமைக்கும் சட்டம் இருந்தது. ஆகவே நீந்திக் கரையேறினால் விடுதலை என்று நினைத்துவிட முடியாது. மிஸ் வாட்சன் என்பவருக்குச் சொந்தமான ஜிம்மை 800 டாலருக்குத் தெற்கே விற்றுவிடலாம் என்ற பேச்சு ஜிம்மின் காதிலேயே விழுகிறது. அவன் ஓடுகிறான். குடிகார அப்பாவின் அடியிலிருந்து தப்பிக்க ஹக்கும் ஓடுகிறான். ஜாக்ஸன் தீவில் இருவரும் சந்தித்துக்கொள்கிறார்கள். 13, 14 வயதுப் பையனும் வளர்ந்த ஒரு மனிதனும் ஒரு தெப்பத்தில் கிளம்புகிறார்கள். கெய்ரோ என்ற ஊர்வரை போய், அங்கே ஒஹையோ நதி வந்து சேருமிடத்தில் படகு பிடித்து, அடிமைமுறை இல்லாத வடக்கே போய்விட வேண்டும் என்பது திட்டம்.

ஹக் ஓடுகிற விதமே ஒரு பெரிய பொய். காட்டுப்பன்றி ஒன்றைச் சுட்டு, குடிசைக்குள் இழுத்து வந்து, கோடரியால் கழுத்தை வெட்டி ரத்தத்தைத் தரையில் சிந்தவிடுகிறான். சாக்கில் கல்லைப் போட்டு ஆறுவரை இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளுகிறான். தலைமுடியைப் பிடுங்கிக் கோடரியில் ஒட்டிவைக்கிறான். ஊரே அவன் செத்துவிட்டதாக நம்புகிறது. பிணத்தை மேலே வரவழைக்க ஆற்றில் பீரங்கி சுடுகிறார்கள். பாதரசம் வைத்த ரொட்டி, மூழ்கிய உடல் இருக்கும் இடத்துக்கு மிதந்து போய் நிற்கும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை, அதனால் ரொட்டிகளையும் மிதக்கவிடுகிறார்கள். ஒரு ரொட்டி மிதந்து ஹக்கிடம் வருகிறது. பாதரசத்தை உதறிவிட்டு நல்ல ரொட்டி என்று ரசித்துச் சாப்பிடுகிறான்!

நான் இரண்டு ராத்திரி தொடர்ந்து வாசிக்கும்படி அவள் கேட்டது 11ஆம் அத்தியாயம். ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அறிந்து வர ஹக் பெண் வேஷம் போட்டுக்கொண்டு ஜூடித் லாஃப்டஸ் என்ற பெண்மணியின் வீட்டுக்குப் போகிறான். பெயர் சாரா வில்லியம்ஸ் என்கிறான். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மறுபடி பெயரைக் கேட்க, மேரி வில்லியம்ஸ் என்று வாயில் வந்துவிடுகிறது. முதலில் சாரா என்றாயே என்று மடக்கினால், முழுப் பெயர் சாரா மேரி வில்லியம்ஸ், சிலர் அப்படிக் கூப்பிடுவார்கள், சிலர் இப்படிக் கூப்பிடுவார்கள் என்று சமாளிக்கிறான். கயிறு திரிப்பதில் அவனுக்கு வேகம் உண்டு. ஆனால் லாஃப்டஸ் அம்மா வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கிறாள். ஊசியில் நூல் கோக்கச் சொல்கிறாள், எலியின் மேல் ஈயக் கட்டியை எறியச் சொல்கிறாள், பிறகு அதே கட்டியை மடியில் போடுகிறாள். பாவாடை கட்டிப் பழகிய பெண் மடியில் விழுவதைப் பிடிக்க முழங்காலை விரிப்பாள், கால்சட்டைக்காரப் பையன் முழங்காலைச் சேர்ப்பான். நீ சேர்த்தாய் என்கிறாள்.

என் மகள் உடனே எழுந்துபோய் ஓர் அழிப்பானை எடுத்து வந்து என் மடியில் போட்டுப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: “அம்மா, நான் பாட்டு வகுப்புக்குப் போகவில்லை என்று எதை வைத்துக் கண்டுபிடித்தாய்?” அவள் செருப்பை வைத்து என்றேன். மழை பெய்த நாளில் அது காய்ந்தே இருந்தது. அந்த விஷயத்தைப் பற்றி எங்களால் சண்டையில்லாமல் பேச முடிந்தது அன்றைக்குத்தான்.

இந்தக் காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது, அதை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. ஜிம்மைப் பிடித்துக் கொடுத்தால் 300 டாலர் வெகுமதி என்றும், தன் கணவர் அன்றிரவே தீவுக்குத் தேடப் போகிறார் என்றும் லாஃப்டஸ் அம்மா சொல்லிவிடுகிறாள். ஹக் துடுப்புப் போட்டுப் பறந்து வந்து ஜிம்மை எழுப்பி, நம்மைத் தேடி வருகிறார்கள் என்கிறான். ஹக்கை யாரும் தேடவில்லை, ஊருக்கு அவன் செத்துப்போனவன். தேடப்படுவது ஜிம் மட்டும்தான். ஆனாலும் ‘நம்மை’ என்றுதான் வாயில் வருகிறது. ஹக் திட்டமிட்டுச் சொல்லாத அந்த ஒரு சொல்லில் அவன் மனசு முழுக்க இருக்கிறது.

சரி, இந்தப் புத்தகத்தின் உயிர் என்று நான் நினைக்கிற இடத்துக்கு வருகிறேன். 15ஆம் அத்தியாயம். மூடுபனியில் ஹக்கின் தோணி ஒரு பக்கம், ஜிம் இருக்கும் தெப்பம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க ஒருவரையொருவர் கூவிக் கூவித் தேடுகிறார்கள். கடைசியில் ஹக் தெப்பத்தைக் கண்டுபிடித்து ஏறும்போது ஜிம் களைத்துப்போய்த் தூங்கிக்கொண்டிருக்கிறான். விழித்ததும் அவனுக்கு வரும் சந்தோஷத்தைப் பார்த்து ஹக்குக்கு ஒரு விளையாட்டு தோன்றுகிறது. மூடுபனியா, அது எப்போது, நான் இங்கேயேதான் இருந்தேன், நீ கனவு கண்டிருக்கிறாய் என்கிறான். ஜிம் நம்பிவிடுகிறான். கனவுக்குப் பலன் சொல்ல ஆரம்பிக்கிறான், இது இதற்கு அடையாளம், அது அதற்கு அடையாளம் என்று. எல்லாம் சொல்லி முடித்த பிறகு, தெப்பத்தின் மேல் கிடக்கும் இலைச் சருகையும் குப்பையையும் உடைந்த துடுப்பையும் காட்டி, அப்படியானால் இதெல்லாம் எதற்கு அடையாளம் என்று ஹக் கேட்கிறான்.

ஜிம் சிரிக்கவில்லை. உன்னைத் தொலைத்துவிட்டேனே என்று என் மனசு உடைந்துபோயிருந்தது, நீ உயிரோடு திரும்பி வந்ததைப் பார்த்து உன் காலில் விழுந்து முத்தமிடலாம் போல இருந்தது, நீயோ என்னை எப்படி முட்டாளாக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாய் என்கிறான். நண்பன் தலையில் அழுக்கைக் கொட்டி அவனைக் கூசவைக்கிறவர்கள்தான் குப்பை என்று சொல்லிவிட்டுத் தெப்பத்தின் மேல் கட்டிய குடிலுக்குள் போய்விடுகிறான். ஹக் ஓர் அடிமையிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் வளர்ந்த ஊரில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ள அவனுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆனால் போய்க் கேட்கிறான். அதற்காகப் பின்னால் ஒருநாளும் வருத்தப்படவில்லை என்றும் சொல்கிறான்.

பள்ளிக்கூட நாட்களில் நான் வாசித்த சுருக்கப் பதிப்பில் இந்த மன்னிப்பு இல்லை. மூடுபனி வந்தது, பிரிந்தார்கள், சேர்ந்தார்கள் என்று மூன்று வரி. அதனால் எனக்கு இந்தப் புத்தகம் பல வருஷம் வெறும் ஆற்றுப் பயணக் கதையாகவே நினைவில் இருந்தது. சுருக்குகிறவர்களுக்குச் சம்பவம்தான் கண்ணில் படும்போல, சம்பவம் நடக்காத இடத்தை வெட்டிவிடுகிறார்கள். சிறுவர்களுக்கு வாங்குவதாக இருந்தாலும் முழுப் பதிப்பையே வாங்குங்கள். எட்வர்ட் கெம்பிள் வரைந்த 174 படங்களும் உள்ள பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

அந்த மன்னிப்பை வாசித்த ராத்திரி அவள் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலை, இல்லாத பாட்டை நான் நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, சந்தோஷமாக இருந்திருக்கும் என்றேன்.

மன்னிப்புக்கு அடுத்த அத்தியாயத்திலேயே ட்வைன் நேர் எதிரான ஒரு பொய்யை வைத்திருக்கிறார். கெய்ரோ நெருங்குகிறது என்று நம்பி, விடுதலையானதும் பணம் சேர்த்து மனைவியை மீட்பேன், அப்புறம் இரண்டு குழந்தைகளையும் மீட்பேன் என்று ஜிம் பேசப் பேச, ஹக்கின் மனசாட்சி அவனைக் குத்துகிறது. குத்துவது எதற்குத் தெரியுமா? அடுத்தவர் சொத்தைத் திருட உடந்தையாக இருக்கிறோமே என்று! பொய் சொன்னால் நம் நெஞ்சே நம்மைச் சுடும் என்று குறளில் படித்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே நல்லது செய்வதற்காக நெஞ்சு சுடுகிறது. நெஞ்சுக்கே ஊர் பொய் சொல்லிக்கொடுத்திருக்கிறது. எவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு பையன் புலம்புகிற புலம்பலில் வைத்துவிட்டார் என்று நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜிம்மைக் காட்டிக்கொடுத்துவிடுவது என்று ஹக் தோணியில் கிளம்புகிறான். தப்பியோடிய அடிமைகளைத் தேடித் துப்பாக்கியோடு இரண்டு பேர் எதிரே வருகிறார்கள். தெப்பத்தில் இருப்பவன் வெள்ளையனா கறுப்பனா என்று கேட்கிறார்கள். வெள்ளையன் என்று வந்துவிடுகிறது. போய்ப் பார்க்கிறோம் என்கிறார்கள். வாருங்கள், வாருங்கள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தெப்பத்தைக் கரைக்கு இழுக்க யாரைக் கூப்பிட்டாலும் ஓடிவிடுகிறார்கள் என்று ஹக் கெஞ்சுகிறான். என்ன உடம்புக்கு என்று கேட்டால் தயங்குகிறான், மழுப்புகிறான். பெரியம்மை என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டு படகைப் பின்னால் தள்ளுகிறார்கள். அம்மை என்ற சொல்லை ஹக் ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. உதவ முடியவில்லையே என்ற உறுத்தலில் ஆளுக்கு 20 டாலர் தங்கக் காசைப் பலகையில் வைத்து மிதக்கவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இரண்டு பொய்யும் ஒரே பையன் சொன்னது, ஒரே பயணத்தில். முதலாவது நம்பியவனைச் சிறுமைப்படுத்தியது. இரண்டாவது தன்னை நம்பி வந்தவனைக் காப்பாற்றியது. அடுத்தடுத்து வைத்துவிட்டு, இது நல்லது அது கெட்டது என்று ட்வைன் எங்கேயும் விளக்கவில்லை. ஹக்கோ தான் செய்தது தப்பு என்றே கடைசிவரை நம்புகிறான். ஜிம் எங்கே இருக்கிறான் என்று மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதிவிட்டு, தெப்பத்தில் கழிந்த நாட்களை நினைத்துப் பார்த்து, நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று அதைக் கிழித்துப் போடும் 31ஆம் அத்தியாயமும் அப்படித்தான். அவன் புரட்சி செய்வதாக நினைக்கவில்லை, பாவம் செய்வதாக நினைத்துக்கொண்டே செய்கிறான். இதை என் மகளுக்குப் புரியவைக்க முயன்றேன். “பாவம், அவனுக்கு யாரும் சொல்லவே இல்லையா?” என்றாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நடுவில் வரும் ராஜாவும் பிரபுவும் அண்டப்புளுகர்கள். ஒருவன் இங்கிலாந்துப் பிரபு என்கிறான், மற்றவன் பிரெஞ்சு அரியணைக்கு உரியவன் என்கிறான். இவர்கள் புரட்டர்கள் என்று ஹக்குக்குச் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. தெப்பத்தில் சண்டை வேண்டாம் என்று தெரியாததுபோல இருந்துகொள்கிறான். இவர்கள் ஆர்கன்ஸா ஊர் ஒன்றில் மூன்று ராத்திரி போடும் மோசடி நாடகம் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும். முதல் நாள் ஏமாந்தவர்கள் அடிக்க எழுகிறார்கள். ஒரு பெரிய மனிதர், நாம் மட்டும் ஏமாந்தோம் என்றால் ஊர் சிரிக்கும், நாடகம் பிரமாதம் என்று சொல்லி மற்றவர்களையும் ஏமாற விடுவோம் என்கிறார். எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். வசூல் 465 டாலர். ஏமாந்தவனே பொய்க்கு ஆள் பிடித்துக் கொடுப்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் வாசித்ததில்லை.

வில்க்ஸ் குடும்பத்துக் கதை இன்னும் நல்லது. செத்துப்போனவரின் இங்கிலாந்துச் சகோதரர்களாக நடித்து, அப்பா இல்லாத மூன்று பெண்களின் சொத்தைச் சுருட்ட இந்த இருவரும் வருகிறார்கள். ஹக்கும் இங்கிலாந்தில் வளர்ந்தவனாக நடிக்க வேண்டும். 14 வயது ஜோவானா சாப்பாட்டு மேஜையில் அவனைக் கேள்வி கேட்டே திணற அடிக்கிறாள். யோசிக்க நேரம் வேண்டும் என்பதற்காகக் கோழி எலும்பு தொண்டையில் சிக்கியதாக இருமுகிறான். சத்தியம் செய் என்று அவள் ஒரு புத்தகத்தை நீட்டுகிறாள், அது வேதப் புத்தகம் இல்லை, அகராதி என்று பார்த்ததும் நிம்மதியாகக் கைவைத்துச் சத்தியம் செய்கிறான். அந்த நேரம் அக்கா மேரி ஜேன் வருகிறாள். வீட்டுக்கு வந்த பையனை நம்பாமல் பேசுவது எவ்வளவு தப்பு என்று தங்கையைக் கண்டிக்கிறாள். ஜோவானா அழகாக மன்னிப்புக் கேட்கிறாள். உண்மையைப் பேசியவள் மன்னிப்புக் கேட்க, பொய் சொன்னவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அங்கேதான் ஹக் உடைகிறான். பணத்தைத் திருடியாவது இந்தப் பெண்களிடம் சேர்ப்பது என்று முடிவெடுக்கிறான்.

அப்புறம் அவன் மேரி ஜேனிடம் உண்மையைச் சொல்லும் இடம். பொய்யைவிட உண்மை பாதுகாப்பானதாக இருக்கும் நேரமும் உண்டுபோல என்று அவனுக்கு ஆச்சரியம். வெடிமருந்துப் பீப்பாய் மேல் உட்கார்ந்துகொண்டு தீ வைத்துப் பார்ப்பதுபோல இருக்கிறது என்கிறான். என் மகள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். என்னிடம் உண்மையைச் சொன்ன அன்றைக்கு அவளுக்கும் அப்படித்தான் இருந்ததாம். ஊரார் விசாரிக்கும்போது வக்கீல் லீவை பெல், தம்பி, நீ சிரமப்படாதே, உனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று ஹக்கிடம் சொல்லும் இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அதுவரை 29 அத்தியாயம் அவன் பொய்யைத்தானே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறோம்.

புத்தகத்தில் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பத்து அத்தியாயங்கள் இழுக்கின்றன. ராஜா ஜிம்மை 40 டாலருக்கு விற்றுவிட, அவன் ஃபெல்ப்ஸ் பண்ணையில் ஒரு கொட்டகையில் அடைபடுகிறான். ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து சேருகிறான். கதவைத் திறந்துவிட்டால் முடிகிற வேலைக்கு, புத்தகங்களில் கைதிகள் தப்பிப்பதுபோலத்தான் தப்பிக்க வேண்டும் என்று நூலேணி, எலி, பாம்பு, சிலந்தி என்று ஜிம்மைப் படாதபாடு படுத்துகிறான். கடைசியில்தான் தெரிகிறது, மிஸ் வாட்சன் இறந்து இரண்டு மாதம் ஆகிறது, உயிலிலேயே ஜிம்மை விடுதலை செய்துவிட்டார், டாமுக்கு முதலிலேயே அது தெரியும். என் மகளுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. இந்த விஷயத்தில் டாம் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று அவனுக்காக வாதாடலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒரு மனிதனைச் சங்கிலியில் வைத்து விளையாடியிருக்கிறான். பிறகு பொறுமையாகக் கைதியாக நடித்ததற்கு ஜிம்முக்கு 40 டாலர் கொடுக்கிறான். அம்மை என்று பயந்தவர்கள் கொடுத்தது 40, ராஜா விற்றது 40, டாம் கொடுத்தது 40 என்று விரல் விட்டு எண்ணிக் காட்டியவள் என் மகள்தான். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

இந்தப் பகுதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. டாமின் அலங்காரப் பொய்க்குப் பக்கத்தில் வைத்தால்தான் ஹக்கின் பொய் எவ்வளவு தேவையிலிருந்து பிறந்தது என்று தெரியும். ஆனால் அதற்கு நான்கு அத்தியாயம் போதும். அதுவரை ஆற்றில் ஒரு முழு மனிதனாக வந்த ஜிம்மை வேடிக்கைப் பொருளாக்கியதை ட்வைன் என்ன காரணத்துக்காகச் செய்திருந்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து அந்தச் சொல். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஆங்கிலச் சொல் இந்த நாவலில் 200 தடவைக்கு மேல் வருகிறது. அதை ‘அடிமை’ என்று மாற்றிய பதிப்பு ஒன்று 2011இல் வந்தது. நான் மாற்றாத பதிப்பையே வைத்துக்கொண்டேன், ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது அந்தச் சொல்லை உச்சரிக்கவில்லை. முதல் நாளே அச்சில் அது இருப்பதை அவளுக்குக் காட்டி, அது யாரை எப்படிக் காயப்படுத்திய சொல் என்று பேசினோம். இந்தப் பேச்சு இல்லாமல் புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 1885இல் மாசசூசெட்ஸின் காங்கார்ட் நகர நூலகம் இதை விலக்கிவைத்தது கொச்சையான புத்தகம் என்ற காரணத்துக்காக. இன்றைக்கு இருக்கும் தயக்கம் வேறு, அதில் நியாயம் இருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, குடும்பப் பகையில் சாகும் பிள்ளைகள், தாரும் இறகும் பூசி ஊர்வலம் விடுவது என்று கடுமையான காட்சிகளும் உண்டு. 11 வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மொழி வேறு முழுக்க வட்டார வழக்கு, எத்தனை வகை வழக்கு என்று ட்வைன் முன்குறிப்பே எழுதியிருக்கிறார். கண்ணால் படித்தால் குழப்பும், வாயால் படித்தால் வழிவிடும். நம் வட்டார நாவல்களைப் படிப்பதுபோலத்தான்.

முடித்த பிறகும் எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. பயணத்தின் தொடக்கத்திலேயே, ஆற்றில் மிதந்து வரும் ஒரு மர வீட்டுக்குள் இருவரும் ஏறுகிறார்கள். உள்ளே ஒரு பிணம். ஜிம் முதலில் போய்ப் பார்த்துவிட்டு, முகத்தைப் பார்க்காதே என்று ஹக்கைத் தடுத்துத் துணியைப் போட்டு மூடிவிடுகிறான். அது ஹக்கின் அப்பா. கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில்தான் ஜிம் அதைச் சொல்கிறான். அதுவரை ஹக் அப்பாவுக்குப் பயந்தே வாழ்கிறான்.

பிள்ளை அந்த முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்ற அன்பில் மறைத்தான் என்பது என் மகளின் கட்சி. அப்பா செத்துவிட்டார் என்று தெரிந்தால் ஹக் ஊருக்குத் திரும்பிவிடுவான், அப்புறம் ஜிம் தனியாக மாட்டிக்கொள்வான், அந்தப் பயமும் கலந்திருக்கும் என்பது என் கட்சி. அப்படி இருந்தாலும் அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு பாட்டு வகுப்புக் கட்டண ரசீதை அடையாளம் வைத்திருக்கிறாள். நேற்று மறுபடி 9ஆம் அத்தியாயத்தைத் திறந்து, ஜிம் துணியை மூடும்போது குரல் எப்படி இருக்கிறது பார் என்று வாசித்துக் காட்டினாள்.